கணினிக் கேள்வி-பதில்: உயிர் இழந்த பவர் சப்ளை

கேள்வி: எங்கள் தமிழ் வகுப்புக்கென்று வைத்திருக்கும் கணினி, ஒரு நாள் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியதிலிருந்து இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறிகூட அசைவதில்லை. பார்க்க வந்தவர், மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) போய்விட்டது, வேறு கணினி வாங்குங்கள் என்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா, ஐயா? – ஆசிரியை, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மின்னழுத்தம் அளக்கும் மீட்டர் வைத்து அளக்காமல் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகமே. மின்வெட்டுக்குப் பிறகு நின்றுபோகும் கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது, சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பவர் சப்ளையைத்தான். கணினியை நிறுத்திவிட்டாலும், சுவரில் பிளக் செருகியிருக்கும்வரை அதன் ஒரு பகுதி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் தூங்கும்போதும் அந்தப் பகுதி உழைக்கிறது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் திரும்பும்போது, எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளும் கீசர்களும் ஒன்றாக இழுக்க, மின்னழுத்தம் ஏறி இறங்கும். வந்த மின்சாரம் சில விநாடிகளில் போய் மறுபடியும் வந்தால் நிலைமை இன்னும் மோசம். தொடக்கத்தில் பாயும் மின்னோட்டத்தை அடக்குவதற்கென்று உள்ளே ஒரு தெர்மிஸ்டர் உண்டு. அது குளிர்ந்திருந்தால்தான் தடுக்கும். சூடாக இருக்கும்போதே மின்சாரம் திரும்பினால் தடுப்பு ஏதுமின்றி முழு வேகத்தில் மின்னோட்டம் பாய்கிறது. தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-ஆம் ஆண்டைக் கடந்து வந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காமலே, கணினியின் மூடியை மட்டும் கழற்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதலில் அதே சுவர்ச் சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். வேறொரு மின்கம்பியையும் மாற்றிப் பாருங்கள். பின்புறச் சுவிட்சு யார் கையோ பட்டு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பள்ளிக் கணினிகளில் இது அடிக்கடி நடப்பதே. பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 முள் இணைப்பையும் மற்ற எல்லா இணைப்புகளையும் பிரித்துவிட்டுப் பிளக்கைத் திரும்பச் செருகுங்கள். அந்த இணைப்பில் ஊதா கம்பிக்கும் கறுப்பு கம்பிக்கும் இடையே மீட்டர் 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழுது பவர் சப்ளைக்குள்தான். மதர்போர்டைப் பழிப்பதில் நியாயமில்லை.

5 வோல்ட் இருந்தால், பச்சைக் கம்பியையும் பக்கத்திலுள்ள கறுப்பு கம்பியையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணையுங்கள். விசிறி சுழல வேண்டும். வெப்பம் கூடிய பிறகே விசிறி சுழலும் வகையாக இருந்தால், விசிறியை நம்பாமல் மஞ்சள் கம்பியை அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருப்பது சரி. இத்துடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சாம்பல் நிறக் கம்பியையும் அளக்க வேண்டும். மற்ற மின்னழுத்தங்கள் நிலைபெற்று 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள் இந்தக் கம்பியில் 5 வோல்ட் அளவில் சைகை எழும். அது வராதவரை மதர்போர்டு வேலையைத் தொடங்காது. மூன்று நிறங்களும் சரியாக இருந்து சாம்பல் மட்டும் எழாத பவர் சப்ளை, கணினிக்கு இறந்ததே. எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருக்கும் புதிய வகையில் நிறத்தை வைத்து எதையும் அறிய முடியாது. தயாரிப்பாளரின் வரைபடம் இல்லாமல் கம்பித் துண்டைச் செருக வேண்டாம். மேலும், சுமையின்றித் தேறிய பவர் சப்ளை சுமையுடன் தோற்கலாம். ஆகவே வேறொரு கணினியிலிருந்து நல்ல பவர் சப்ளையைக் கடன் வாங்கிப் பொருத்திப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அப்போதும் அசையாவிட்டால், அவர் சொன்னதை நானும் ஏற்பேன்.

கேள்வி: பவர் சப்ளையைத் திறந்து பார்த்தேன். ஃபியூஸ் கறுத்திருந்தது. புதியது போட்டதும் டமார் என்ற சத்தத்துடன் அதுவும் போய், வீட்டு டிபி போர்டின் (மின் பங்கீட்டுப் பலகை) சுவிட்சும் விழுந்துவிட்டது. சற்றுப் பெரிய ஃபியூஸ் போடலாமா? – வாசகர், வெருலம்

பதில்: கூடாது. நீங்கள் நலமாக இருப்பதே பெரிது. நம் நாட்டு மூன்று முள் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. ஆகவே சாதனத்துக்குள் இருக்கும் அந்தச் சிறு கண்ணாடிக் குழாய்க்கும் டிபி போர்டுக்கும் நடுவே வேறு காவல் இல்லை. அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது சர்க்யூட் பலகையாக இருக்கும்.

கண்ணாடி கறுத்துப்போனது ஒரு செய்தி. மெல்லிய கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், அதிகச் சுமையாலோ வயதாலோ போயிருக்கலாம். கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால், அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று முழு ஷார்ட் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் அது ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், அதை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தும் சுவிட்சிங் டிரான்சிஸ்டர், அல்லது மின்னழுத்தம் மிகும்போது தன்னைப் பலிகொடுக்கும் வட்ட வடிவ வாரிஸ்டர். பிளக்கைக் கழற்றியிருந்தாலும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் வரையும், சில வகைகளில் 380 வோல்ட் அளவிலும் மின்சாரம் தங்கியிருக்கலாம். திருப்புளியால் ஷார்ட் செய்யும் பழக்கம் தவறு. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்புள்ள கம்பிகளுடன் அதன் இரு முனைகளிலும் அரை நிமிடம் பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து, பூஜ்ஜியத்தை நெருங்கியதை உறுதி செய்த பின்பே கை வைக்க வேண்டும். பழுதான பாகத்தை மாற்றிய பிறகு நேரடியாகச் செருகாமல், 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்துச் செருகுங்கள்: பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, முழு ஒளியுடன் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் டிரான்சிஸ்டர் போகும்போது அதை இயக்கும் ஐசியையும் சிறு ரெசிஸ்டர்களையும் சேர்த்தே கொண்டுபோகும் என்பதால், விலை குறைந்த பவர் சப்ளையில் இந்த உழைப்பு கட்டுப்படியாகாது. மின்சார வேலை பழகாதவராக இருந்தால், மூடியைத் திருகி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று வாங்குங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: ஜூன், ஜூலைக் காலைகளில் எங்கள் கணினி மூன்றாம் நான்காம் முயற்சியில்தான் எழுகிறது. எழுந்துவிட்டால் மாலைவரை குறையில்லை. – வாசகி, லெனேசியா

பதில்: குளிருக்கும் பவர் சப்ளைக்கும் நடுவே நிற்பது எலக்ட்ரோலைட் வகை மின்தேக்கி. உள்ளிருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றி, உள்தடை கூடும். குளிரில் அது இன்னும் கூடுவதால் முதல் முயற்சி தோற்கிறது, சற்றுச் சூடேறியதும் சரியாகிறது. இரவு முழுவதும் கணினியை வெதுவெதுப்பான அறையில் வைத்துக் காலையில் முதல் முயற்சியிலேயே எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் நோய் இதுவே. மேற்புறம் உப்பியவற்றைக் கண்ணால் காணலாம். காத்திருப்பு மின்சாரப் பகுதியில் இருக்கும் சிறிய மின்தேக்கியோ உப்பாமலே வற்றிப்போகும். அனுபவமற்றவர்கள் அதைத் தவறவிடுவதே வழக்கம். மாற்றும்போது கொள்ளளவு அதேயாகவும், வோல்ட் அதே அல்லது கூடுதலாகவும், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகவும், குறைந்த உள்தடை உடையதாகவும் இருக்க வேண்டும். துருவத்தை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், விசிறியில் அடைந்த தூசியை நீக்குவதும் வைத்தியமே. உங்கள் பகுதியில் கோடை மாலை இடி அதிகம். வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: புதிய பவர் சப்ளை வாங்கினேன். கம்பிகளைத் தனியே கழற்றி மாட்டும் வகை. பழையதன் கம்பிகள் அப்படியே பொருந்துகின்றன, பயன்படுத்தலாமா? – வாசகர், டோங்காட்

பதில்: வேண்டாம். பவர் சப்ளைப் பக்கத்து முனையில் எந்த முள்ளில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி இல்லை. செருகி பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஹார்டு டிஸ்க் அதிலுள்ள படங்களோடு போய்விடும். பழைய கம்பிகளைப் பழைய பெட்டியோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.