பருத்தித் துணி எவ்வளவு கெமிக்கல் குடிக்கும்? கேள்வி பதில்

ஈரோட்டில் 18 வருடம் துணிக்குக் கடைசிப் பதம் கொடுக்கும் பினிஷிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கேளுங்கள்.

தேவகோட்டை தம்பி: அண்ணே, தொட்டியில் லிட்டருக்கு 40 கிராம் சாஃப்ட்னர் (துணியை மென்மையாக்கும் மருந்து) போட்டால் துணியில் எவ்வளவு ஏறும்?

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் முக்கி உருளை பிழிந்தபின் துணி எவ்வளவு திரவத்தோடு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. அதைத்தான் பிக்-அப் என்கிறோம். 100 கிலோ துணி தன் எடையில் 70 சதவீதம் எடுத்தால் 70 லிட்டர், அதில் உன் சாஃப்ட்னர் 2.8 கிலோ. உருளை அழுத்தம் நடுவில் ஒன்று ஓரத்தில் ஒன்று என்றிருந்தால் மருந்தும் அப்படியே ஏறும். தறியிலிருந்து வந்தபடியே இருக்கும் காடாத்துணியில் கஞ்சியும் பஞ்சின் மெழுகும் மிச்சமிருந்தாலோ உள்ளே போகவே போகாது. முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். ஐந்து நொடிக்குள் மறைய வேண்டும். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல் முத்தாக நின்றால் திரும்பக் காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவை.

பள்ளத்தூர்: புதுத் துண்டு ஈரத்தை எடுக்கவே மாட்டேன் என்கிறது.

சாஃப்ட்னர் பூச்சு. இரண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: கண்டாங்கிச் சேலையைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

நிற்காது ஆச்சி. தண்ணீரில் பஞ்சுக்கும் சாயத்துக்கும் ஒரே மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். சாயப்பட்டறையில் உப்பு அந்தத் தள்ளலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தை நூலோடு பிணைப்பது சோடா என்ற காரம். பிணையாத சாயத்தை வீட்டு உப்பு பிணைக்காது. தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

காரைக்குடி: எங்கள் அப்பத்தா உப்புப் போட்டார், சாயம் போகவில்லையே?

உப்புத் தண்ணீரில் சாயம் கரைந்து வருவது குறையும், உண்மைதான். அடுத்த தடவை நல்ல தண்ணீரில் போட்டாலும் போகவில்லை என்றால் அந்தச் சாயம் பட்டறையிலேயே ஒழுங்காகப் பிணைந்தது. அப்பத்தா வாங்கிய சேலை நல்ல சேலை.

காரைக்குடி: 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, சாயம் போகலாமா?

அது ஊருக்கும் நெசவுக்கும் கிடைத்தது. சாய உறுதிக்கு யாரும் அதில் உத்தரவாதம் தரவில்லை. தறிக்காரரைக் குறை சொல்லாதீர்கள், நூலுக்குச் சாயம் போட்ட இடத்தைக் கேளுங்கள்.

புதுவயல்: உப்போடு வினிகர்?

மேலே படியுங்கள். வினிகரும் பிணைக்காது.

திருப்பத்தூர்: சுருக்கம் விழாத சட்டை நல்லதா?

ரெசின் என்ற பிசின் போட்டது. சுருக்கம் குறையும், நூலின் பலமும் குறையும். மலிவான ரெசினில் தோலை உறுத்தும் பார்மால்டிஹைடு வரும், துவைத்துவிட்டுப் போடுங்கள்.

கோட்டையூர்: பாலியஸ்டருக்கு?

என் துறை இல்லை.

தேவகோட்டை தம்பி: அண்ணே, ஓரம் அடர்த்தி, நடு வெளிறல். கெமிக்கலைக் கூட்டவா?

கூட்டாதே. சொட்டு விட்டாயா? ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. எத்தனை நொடி என்று எழுது, அப்புறம் உருளையைப் பார்க்கலாம்.