சுவாசக் கருவிகளைச் சுத்தம் செய்வது எப்படி? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் சுவாசக் கருவிகளைப் பராமரிப்பது குறித்துப் பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

என் ஆறு வயது மகனுக்கு மழைக்காலம் வந்தாலே வீசிங் வந்துவிடுகிறது. மருத்துவர் ஆலோசனைப்படி நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை மருந்து வைத்த பிறகும் மருந்து கப்பையும் மாஸ்க்கையும் டெட்டால் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறேன். “வெந்நீரில் அலசினால் போதும், டெட்டால் வாடை பிள்ளைக்கு ஆகாது” என்கிறார் என் மாமியார். எது சரி?
– வாசகி, நாகர்கோவில்

டெட்டாலை இன்றே நிறுத்திவிடுங்கள். அந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் வெறும் வெந்நீரில் அலசுவதும் போதாது.

தோலுக்கும் தரைக்கும் என்று தயாரிக்கப்பட்ட கிருமிநாசினி நுரையீரலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. தென் கொரியாவில் 1994 முதல், அறையின் காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையர்களின் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் விற்கப்பட்டன. அவற்றில் பலவற்றில் இருந்த பி.எச்.எம்.ஜி. என்ற வேதிப்பொருள், நீர்த்திவலைகளோடு மூச்சில் கலந்து நுரையீரலைத் தழும்பாக்கியது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உட்படப் பலர் இறந்த பிறகு, 2011இல்தான் காரணம் அதுவென்று தெரியவந்தது. டெட்டாலில் இருப்பது வேறு வேதிப்பொருள், உங்கள் கப்பில் தங்கும் அளவும் மிகச் சிறியது என்பதால் நடந்ததை நினைத்து நீங்கள் பதற வேண்டியதில்லை. ஆனால் நெபுலைசர் செய்கிற வேலையே, கப்பில் இருப்பதை 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள நுண்திவலைகளாக உடைத்து மூச்சுக்குழாயின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். கப்பில் மருந்து இருந்தால் மருந்து போகும், டெட்டாலின் மிச்சம் இருந்தால் அதுவும் போகும், நேற்றைய ஈரத்தில் வளர்ந்த கிருமி இருந்தால் அதுவும் போகும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மருந்து முடிந்ததும் கப்பில் அடியில் தங்கிய மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கப், மூடி, உள்ளே இருக்கும் சிறு கூம்பு, மாஸ்க் அனைத்தையும் தனித்தனியாகக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு சில துளி விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாக அலச வேண்டும். இதை அடுத்த வேளை வரை தள்ளிப்போடாமல் அப்போதே செய்வது முக்கியம். காய்ந்து ஒட்டிக்கொண்ட மருந்துப் படிவத்தின் அடியில் இருக்கும் கிருமியைக் கொதிநீர்கூட எளிதில் எட்டாது. காற்று வரும் நுண்துளை அடைத்துக்கொண்டால் பலர் ஊக்கையோ ஊசியையோ விட்டுக் குத்துகிறார்கள். அப்படிச் செய்தால் துளை அகன்று, திவலைகள் பெரிதாகி, மருந்து தொண்டையோடு நின்றுவிடும். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடியும் மருந்து இருபது நிமிடம் இழுத்தால், கப்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. கருவியைத் தினமும் பயன்படுத்தும் நாட்களில், கழுவிய பாகங்களை நாளுக்கு ஒரு முறை கிருமி நீக்கம் செய்ய வேண்டும். உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால், தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி போட்டு, கொதி வந்த பின் 5 நிமிடம் வைத்திருப்பதே எளிய வழி. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது பால் பாட்டிலுக்கு வாங்கிய மின்சார ஸ்டெரிலைசர் பரணில் கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் விலை குறைந்த பல மாஸ்க்குகள் கொதிநீரில் வளைந்து முகத்தில் பொருந்தாமல் போகும். அத்தகைய பாகங்களை, கையேடு ஒப்பினால், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடமோ 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடமோ ஊறவைத்து, பின்னர் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் அலசலாம். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் கடைசியாக அலசினால் நீக்கிய கிருமியைத் திரும்ப ஏற்றியதாகிவிடும்.

வினிகரைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் படிந்த வெள்ளைக் கறையை வினிகர் நன்றாகவே நீக்கும். சில கிருமிகளையும் கொல்லும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பல கிருமிகள் அதற்கு அடங்குவதில்லை என்பதால், கிருமி நீக்கத்திற்கு அதை மட்டும் நம்பியிருப்பதை நான் ஏற்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது உலர்த்துவது. தண்ணீரை உதறிவிட்டு, துவைத்த சுத்தமான துணியின் மேல் பரப்பி, தானாகக் காயவிடுங்கள். அடைமழை நாட்களில் கப் காய வெகுநேரம் ஆகும். அப்போது கப்பை டியூபோடு இணைத்துக் கம்ப்ரஸரைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் காற்றே ஈரத்தை வெளியேற்றிவிடும். ஈரத்தோடு ஜிப் பைக்குள் போட்டு மூடுவது, கழுவாமல் விடுவதற்குச் சமம். டியூபின் உட்புறத்தைக் கழுவ வேண்டாம், அதில் தண்ணீர் புகுந்தால் காய்வதே இல்லை; உள்ளே நீர்த்துளி தெரிந்தாலும் கம்ப்ரஸரை ஓடவிட்டு உலர்த்துங்கள். கம்ப்ரஸரின் வெளிப்புறத்தை, மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதிலுள்ள வட்ட ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். கழுவிப் போடக் கூடாது.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று: ஸ்டீராய்டு மருந்து வைத்தால், பிறகு பிள்ளையின் வாயைக் கொப்பளிக்கச் செய்து, மாஸ்க் பட்ட முகத்தையும் கழுவிவிடுங்கள்.

அக்கா, தம்பி இருவருக்கும் ஒரே நெபுலைசர்தான். மருந்தோடு சேர்க்கும் சலைனை 100 மி.லி. பாட்டிலாக வாங்கி, சிரிஞ்சால் எடுத்துக்கொண்டு, மீதியை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரம் வரை பயன்படுத்துகிறோம். இது சரியா?
– வாசகர், ஈரோடு

கம்ப்ரஸர் பொதுவாக இருக்கலாம். கப், டியூப், மாஸ்க் மூன்றும் ஆளுக்கொன்று தனியாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் இரவல் கொடுக்கும்போதும் இதே விதிதான், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

சலைன் விஷயத்தில் நீங்கள் செய்வது தவறு. அந்தப் பாட்டிலில் கிருமியைத் தடுக்கும் பதப்பொருள் எதுவும் இல்லை. முதல் முறை ஊசி குத்திய பிறகு அது வெறும் உப்புத் தண்ணீர்தான், ஃபிரிட்ஜின் குளிர் கிருமிகளை மெதுவாக்குமே தவிரக் கொல்லாது. பலமுறை திறந்து பயன்படுத்திய மருந்துப் புட்டிகளின் வழியே நோய்த்தொற்று பரவியது மருத்துவமனைகளிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரு வேளைக்கு ஒன்று எனத் தலையைத் திருகித் திறக்கும் சிறு பிளாஸ்டிக் குப்பிகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்குங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

என் தந்தைக்கு வயது 74, நாள்பட்ட நுரையீரல் நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம். ஆக்சிஜனை ஈரப்படுத்த அதில் மாட்டியிருக்கும் ஹ்யூமிடிஃபையர் பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றுகிறோம். இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரி தண்ணீர்தான் டிஸ்டில்டு வாட்டர், அதை ஊற்றலாம் என்கிறார் நண்பர். தண்ணீரால் கருப்புப் பூஞ்சை வரும் என்று கொரோனா காலத்தில் கேள்விப்பட்டதிலிருந்து பயமாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

முதலில் பயத்தைப் பற்றி. 2021இல் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை பரவலாகக் காணப்பட்டதற்கு முதன்மையான காரணங்களாகக் கருதப்படுபவை கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும், அளவுக்கும் காலத்திற்கும் மிஞ்சிய ஸ்டீராய்டும்தான். ஹ்யூமிடிஃபையர் தண்ணீர்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் ஆக்சிஜன் செலுத்தும்போது ஹ்யூமிடிஃபையரில் கிருமி நீக்கிய தூய நீரையே பயன்படுத்த வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அப்போது அறிவுறுத்தியது. அந்த அறிவுரை இன்றும் பொருந்தும். பூஞ்சையைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியது, குழாய்த் தண்ணீரிலும் தேங்கிய தண்ணீரிலும் இயல்பாக வாழும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களைப் பற்றித்தான்.

கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிப்பதற்கு ஏற்றவை, கிருமியே இல்லாதவை அல்ல. பேட்டரி தண்ணீரில் உப்பு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அது தொழில் உபயோகத்திற்கென்று அடைக்கப்படுவது, கேனின் சுத்தத்திற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மருந்துக் கடையில் விற்கும் ஸ்டெரைல் வாட்டரையோ, மருத்துவப் பயன்பாட்டுக்கான டிஸ்டில்டு வாட்டரையோ வாங்குங்கள். கிடைக்காத நாளில், நன்கு தளதளவென்று கொதிக்க வைத்து, மூடியபடியே ஆறிய தண்ணீரை ஊற்றலாம். அதில் உப்பு அப்படியே இருக்கும் என்பதால் பாட்டிலில் வெள்ளைப் படிவம் ஏறும், அவ்வளவுதான்.

எந்தத் தண்ணீர் என்பதைவிட, அது எத்தனை நாள் தேங்குகிறது என்பதே பெரிய கேள்வி. பல வீடுகளில் கோடு வரை குறைந்ததும் மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே போகிறார்கள். பாட்டிலின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று ஒரு படலம் கையில் வரும். அது கிருமிகள் தமக்காகக் கட்டிக்கொண்ட கூடு. எனவே தினமும் பழைய நீரை முழுவதும் கொட்டி, அலசி, புதிய நீரை இரு கோடுகளுக்கு இடையில் நிற்கும்படி ஊற்றுங்கள். வாரம் ஒரு முறையேனும் சோப்பு நீரில் கழுவி, கையேட்டில் சொன்ன முறையில் கிருமி நீக்கி, உலர்த்தி மாட்டுங்கள். இரண்டு பாட்டில்கள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றொன்று வேலை செய்யும். மூடியைக் கோணலாகத் திருகினால் ஆக்சிஜன் கசிந்துவிடும். மாட்டியதும் குமிழ்கள் எழுகின்றனவா என்று பாருங்கள். நிமிடத்திற்கு 4 லிட்டர் வரை மட்டும் ஆக்சிஜன் எடுப்பவர்களில் பலருக்கு ஹ்யூமிடிஃபையரே தேவைப்படுவதில்லை. மூக்கு வறட்சி இல்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். தேவையில்லை என்றால் இந்த வேலையே மிச்சம்.

கருவியின் பக்கவாட்டிலுள்ள பஞ்சு ஃபில்டரை வாரம் ஒரு முறை சோப்பு நீரில் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் நுண் ஃபில்டரை நிறுவனத்தின் பணியாளரே மாற்றட்டும். மூக்கில் வைக்கும் கேனுலாவின் முனைகளைத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள்ளும், சளிக்காய்ச்சல் வந்து தீர்ந்ததும், விறைத்துப் போனாலும் புதிதாக மாற்றுங்கள்.

மூக்கு காய்ந்து எரிகிறது என்று தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவுவது நம் வீடுகளில் வழக்கம். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பற்றும் என்பதால் அதைத் தவிர்த்து, தண்ணீர் சார்ந்த ஜெல்லையோ சலைன் துளிகளையோ பயன்படுத்த வேண்டும். ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ எதையேனும் துடைத்தால், அது முழுதும் ஆவியான பிறகே ஆக்சிஜனைத் திறக்க வேண்டும். கருவி பூஜை விளக்கிற்கும் ஊதுபத்திக்கும் அருகில் இருக்கவே கூடாது.

தூக்கத்தில் மூச்சுத்தடை இருப்பதால், மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவி பயன்படுத்துகிறேன். தினமும் கழுவச் சலிப்பாக இருக்கிறது. ஓசோன் மூலமும் புற ஊதாக் கதிர் மூலமும் தானாகவே கிருமி நீக்கும் பெட்டிகள் இணையத்தில் விற்கின்றன. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம் என்பதே என் கருத்து. இத்தகைய பெட்டிகள் சிபாப் கருவிக்குப் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்பதற்குத் தன்னிடம் சான்று சமர்ப்பிக்கப்படவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. டியூபில் தங்கியிருந்தால் இரவு முழுவதும் அதைத்தான் சுவாசிப்பீர்கள். புற ஊதாக் கதிரோ நேராகப் படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும், டியூபின் மடிப்புகளுக்குள் நுழையாது. மேலும், 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப், பைபாப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது; உள்ளே ஒலியைக் குறைக்க வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப்பொருள் சிதைந்ததே அதற்குக் காரணம், ஓசோனால் சுத்தம் செய்வது அந்தச் சிதைவை விரைவுபடுத்தக்கூடும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. எந்தப் பெட்டியும் முக எண்ணெயையும் சளியையும் கழுவித் தராது என்பது தனி.

தினசரி வேலை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. காலையில் எழுந்ததும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, மீதி நீரைக் கொட்டிக் கவிழ்த்துவையுங்கள். தொட்டியோடு கருவியைத் தூக்கினால் தண்ணீர் மோட்டாருக்குள் புகுந்துவிடும். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பை வாசனையில்லாத மென்மையான சோப்பால் கழுவுங்கள். டியூபையும் தலைப்பட்டையையும் வாரம் ஒரு முறை கழுவினால் போதும். ஆல்கஹால், பிளீச்சிங் எதுவும் சிலிக்கானில் படக் கூடாது. வெயிலில் காயவைத்தால் கிருமி சாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. சிலிக்கான் வெடித்துக் காற்று கசியத் தொடங்கும், ஆகவே நிழலில்தான் உலர்த்த வேண்டும். இரவு மாஸ்க் போடும் முன் முகத்தைக் கழுவி எண்ணெய், கிரீம் பசையை நீக்கினால் விளிம்பு நீண்ட நாள் உழைக்கும். பெண்கள் பூசும் மஞ்சள் விளிம்பில் நிறமாக ஏறிவிடும். கழுவிய பின்னும் இருக்கும் அந்த மஞ்சள் வெறும் கறைதான், அதைத் தேய்த்துத் தேய்த்து விளிம்பைப் பாழாக்க வேண்டாம்.

இன்ஹேலருடன் இணைத்து மருந்தை இழுக்கப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் டப்பாவான ஸ்பேசரைத் தினமும் கழுவித் துணியால் துடைத்து வைக்கிறேன். சரிதானே?
– வாசகி, திருச்சி

தினமும் தேவையில்லை, துணியும் கூடாது. பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்தால் நிலை மின்சாரம் உண்டாகி, அடுத்த முறை அழுத்தும் மருந்தில் ஒரு பகுதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், மார்புக்குப் போய்ச் சேராது. கையேட்டில் வேறு விதமாகச் சொல்லவில்லையென்றால், வாங்கியதும் முதல் பயன்பாட்டுக்கு முன்பும், பிறகு மாதம் ஒரு முறையும், சில துளி பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பாகங்களை அமிழ்த்தி எடுத்து, அலசாமலே நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். சுவரில் தங்கும் மெல்லிய சோப்புப் படலம் அந்த மின்னூட்டத்தைத் தடுக்கும். வாயில் வைக்கும் முனையை மட்டும் துடைத்துக்கொள்ளலாம். வால்வு மடிந்தோ ஒட்டிக்கொண்டோ இருந்தால், டப்பா பளபளப்பாகத் தெரிந்தாலும் புதியது வாங்கிவிடுங்கள்.