தோட்டத்தில் டேட்டா சென்டர் வந்தால் நம் கரண்ட் பில் ஏறுமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கத்தில் செம்பனையை அழித்துவிட்டு டேட்டா சென்டர் கட்டுகிறார்கள். இவ்வளவு கரண்டை இவர்கள் இழுத்தால் நமக்கு வருவது குறையாதா, கம்பி போடுகிற செலவு நம் பில்லில்தானே வந்து விழும் என்று மாமியார் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
- வாசகி, கூலாய், ஜொகூர்

பதில்: மாமியார் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன அம்மா, இரண்டாவதுதான் கனமானது. முதலாவதை முடித்துவிடுவோம். உங்கள் வீட்டுக்கு 230 வோல்ட் வருகிறது, அது 11,000 வோல்ட் கம்பியிலிருந்து பக்கத்து டிரான்ஸ்பார்மர் வழியாக இறங்குவது. பெரிய டேட்டா சென்டர்கள் 132 அல்லது 275 கிலோவோல்ட் கம்பியில் தங்கள் சொந்தத் துணை மின்நிலையம் வைத்து நேராகச் சேர்கின்றன. அதனால் உங்கள் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் அது அவர்களால் என்று சொல்ல முடியாது. ஆனால் மின் உற்பத்தி நிலையமும் பெரிய கம்பிகளும் எல்லோருக்கும் பொது, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நிறுவனம் 300 மெகாவாட் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறது என்று வையுங்கள். அதை நம்பி கோபுரம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் போட்டாகிறது. அவர்கள் நூறு மெகாவாட்டோடு நின்றுவிட்டால், அல்லது கட்டாமலே போய்விட்டால், மீதிச் செலவை யார் தலையில் கட்டுவது? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2025இல் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு ஒரு பதில் சொன்னது: 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய டேட்டா சென்டர்கள், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், கேட்ட அளவில் குறைந்தது 85 விழுக்காட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், அதுவும் 12 ஆண்டுகளுக்கு. எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. கேட்கிற வாய்க்கு ஒரு விலை இருந்தால்தான் உண்மையான அளவைக் கேட்பார்கள்.

இங்கே மலேசியாவில் 1990ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்வது சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம். 2025 ஜூலை முதல் வந்த புதிய கட்டண முறையில் எரிசக்திக்கு, கொள்ளளவுக்கு (மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் செலவு), கம்பி வலையமைப்புக்கு என்று பில்லைப் பிரித்துக் காட்டுகிறார்கள், வணிகப் பயனீட்டாளர்களை வோல்ட் அளவை வைத்து வகைப்படுத்துகிறார்கள், வீடுகள் தனி வகை. நல்ல மாற்றம்தான். ஆனாலும் இணைப்பு ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, விலகிப்போனால் அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் பொதுமக்கள் படிக்கும்படி வெளியில் இருக்க வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

பணம் மட்டுமல்ல, இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு 230 கிலோவோல்ட் கம்பியில் கோளாறு. மின்னழுத்தம் விட்டுவிட்டு இறங்கியதும் சுற்றியிருந்த டேட்டா சென்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே மூச்சில் சொந்த மின்சாரத்துக்கு மாறிவிட்டன. சுமார் 1,500 மெகாவாட் சுமை நொடிகளில் காணாமல் போனது. வாங்குகிறவர் திடீரென்று போனாலும் ஆபத்துதான், ஏனென்றால் உற்பத்தியும் பயன்பாடும் அந்தந்த நொடியில் சமமாக இருந்தால்தான் மின்சாரத்தின் அதிர்வு வேகமான 50 ஹெர்ட்ஸ் (அங்கே 60) மாறாமல் நிற்கும். அதனால் சின்னச் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் கழன்றுகொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் கருவி இருந்தால்தான் இணைப்பு என்று விதி வைப்பது அவசியம்.

கேள்வி: அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடுகிற நேரம் மட்டும்தான் லயத்தில் விளக்கு எரியும். இந்த டேட்டா சென்டர்காரர்களிடம்தான் சொந்த ஜெனரேட்டர் இருக்கிறதே, அதிலேயே ஓட்டச் சொல்லலாமே?
- வாசகர், லாயாங் லாயாங்

பதில்: நாள் முழுக்க முடியாது ஐயா, அவை டீசல், அவசரத்துக்கு வைத்திருப்பவை. ஆனால் மின்சாரம் பற்றாக்குறையாகும் நேரத்தில் முதலில் விலக வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று விதி போடலாம். டெக்சஸ் 2025இல் 75 மெகாவாட்டும் அதற்கு மேலும் வாங்கும் புதியவர்களுக்கு அப்படித்தான் சட்டம் செய்தது. அயர்லாந்தில் 2023இல் நகர வீடுகள் அத்தனையும் சேர்ந்து 18 விழுக்காடு மின்சாரம் எடுத்தபோது டேட்டா சென்டர்கள் 21 விழுக்காடு எடுத்தன. அப்புறம்தான் அங்கே புதிதாக வருகிறவர் தம் தேவைக்கு ஈடான உற்பத்தியோ சேமிப்போ கொண்டுவர வேண்டும் என்றார்கள். நம் ஊரில் அப்படிக் கேட்கும்போது பேட்டரி என்று சேர்த்துக் கேளுங்கள், டீசல் என்றால் புகை முழுக்கப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்குத்தான் வரும்.