பேசி முடித்தது

அன்புள்ள ஐயா,
சாமியையும் சாதியையும் ஒருவர் எழுத்தில் இழுத்தால் ஊர் கொதிக்கத்தானே செய்யும்? கருத்துச் சுதந்திரத்துக்கு எல்லை வேண்டாமா? எங்கள் ஊரில் ஒரு பையன் கோயில் வரிக் கணக்கைக் கேட்டு நோட்டீஸ் அடித்தான். நான்தான் இரு தரப்பையும் உட்காரவைத்து, அவனிடம் மன்னிப்பு எழுதி வாங்கி, பேசி முடித்தேன். இதில் என்ன தவறு?
- ஒரு வாசகர், கோபி

அன்புள்ள தம்பி,

எல்லை வேண்டும்; இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவில் அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று வரிசையாக உண்டு. 'மனம் புண்பட்டது' அந்த வரிசையில் இல்லை. அது போகட்டும். 'பேசி முடித்தேன்' என்றீர்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் பெரியப்பா பள்ளிபாளையத்துப் பக்கம் தறி ஓட்டியவர். டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, தினமும் பேப்பர் செய்தி இரண்டும் ஊர்ச் செய்தி ஒன்றும் எழுதுவார். ஒருநாள் கிணற்றில் சாயத்தண்ணி இறங்கியதை எழுதினார், எந்தப் பட்டறைத் தண்ணி என்பதையும் சேர்த்து. சாயங்காலம் கோயில் திண்ணைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை. "ஏனுங்க, நாளைக்கு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேண்டாமுங்களா?" என்று தணிவாகத்தான் பேசினார்கள். டீ வந்தது. எழுதியது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டால் அவரே பலகையைத் துடைத்தார். வீட்டுக்கு வந்தபோது துண்டெல்லாம் சாக்பீஸ் வெள்ளை. பெரியம்மா உதறப் போனார். பெரியப்பா விடாமல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் எழுதவே இல்லை.

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்ததும் இதுதான். 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்த கையோடு, அதை எழுதிய பெருமாள்முருகனைச் சமாதானக் கூட்டம் என்று அழைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை 5 ஆயிற்று.

இரு தரப்பாம்! ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் ஒற்றை ஆள். அங்கே என்ன பேச்சு நடக்கும், தம்பி? 'குடிஅரசு' தலையங்கத்துக்காக 1933-ல் பெரியார் மேல் வெள்ளைக்காரன்கூட வழக்குத்தான் போட்டான். எந்த வரி குற்றம் என்று சொல்லியாக வேண்டும்; எதிர்த்து வாதாட ஓர் இடம் இருந்தது. உங்கள் திண்ணையில் அது உண்டா? எந்த வரி பொய் என்று அந்தப் பையனிடம் யாராவது சொன்னீர்களா?

நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. கடிதத்திலேயே அது தெரிகிறது. பெரியப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்களும் நல்லவர்கள்தான். அந்தப் பையனை ஒருமுறை போய்ப் பாருங்கள். எழுதிக் கொடுத்த மன்னிப்பைக் கையோடு எடுத்துப் போய் அவனிடமே திருப்பிக் கொடுங்கள். அவன் கேட்ட கணக்கு இன்னும் வாசிக்கப்படவில்லை என்றால், வரி கொடுத்தவர் என்ற முறையில் அதை நீங்கள் கேளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.