பொய்ப் பணக் கேசினோ இரவு: அந்த ₹200 எங்கே இடிக்கிறது?

கேள்வி: நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கும் நிறுவனம் வைத்திருக்கிறோம். கோவை மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் ஆண்டு விழாவை ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் வைக்கிறது. 150 பேர் வருகிறார்கள். இரவில் ‘கேசினோ நைட்’ கேட்கிறார்கள்: ரவுலட் (சுழலும் சக்கரத்தில் பந்து விடும் ஆட்டம்), பிளாக்ஜாக் (ஒரு சீட்டாட்டம்), மூணு சீட்டு மேசைகள். எல்லாம் பொய்ப் பணம். கடைசியில் அதிக சிப் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் சில்லு) வைத்திருப்பவருக்கு ஐபோன். சிப் தீர்ந்தவர்கள் ₹200 கொடுத்து மறுபடி வாங்கலாம். அந்தப் பணம் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போகும். இது சட்டப்படி சரியா? போலீஸ் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி சரிதான். மீதியில்தான், அதாவது அந்த ₹200-இல்தான், முழு நிகழ்ச்சியும் மாட்டிக்கொள்ளும். பணம் தர்மத்துக்குப் போவதால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை.

சென்னை மாநகருக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் பொருந்துவது 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். பந்தயம் கட்டுவதும் அதில் சூதாட்டம்தான். சூதாட்டம் என்றால் என்ன என்பதற்கு, சென்னை ரேஸ் கிளப் தொடர்பான லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கம் கைக்கு அடக்கமானது: ஒரு பரிசு கிடைக்கும் வாய்ப்புக்காக விலை கொடுப்பதே சூதாட்டம். விலை, அதிர்ஷ்டம், பரிசு என்று மூன்றும் சேர்ந்தால் சூது. ஒன்றை எடுத்துவிட்டால் விளையாட்டு.

அதிர்ஷ்டத்தை உங்களால் எடுக்க முடியாது. பூஜ்யம் ஒன்றே உள்ள ரவுலட் சக்கரத்தில் 37 குழிகள். பந்து எதில் விழும் என்பதில் யாருடைய திறமையும் இல்லை. 1930 சட்டத்தின் 11ஆம் பிரிவு திறமை விளையாட்டுக்கு விலக்குத் தருகிறது என்று மேசை வாடகைக்கு விடுபவர்கள் சொல்வார்கள். அந்த விலக்கு உங்கள் மேசைகளுக்குக் கிடைக்காது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு வகையறா முழுக்க அதிர்ஷ்டம் என்று 1967இலேயே ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது.

ஐபோனை விட நிறுவனத்துக்கு மனமிருக்காது. ஆகவே நீங்கள் வெட்ட வேண்டியது விலையைத்தான். விருந்தினர் பையிலிருந்து ஆட்டத்துக்காக ஒரு ரூபாய்கூட வெளியே வரக் கூடாது. சிப் காசுக்கு வாங்கக் கூடியதாகவும் இருக்கக் கூடாது, காசாக மாறக் கூடியதாகவும் இருக்கக் கூடாது. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டையும் அடையுங்கள்.

உள்ளே வரும் வழியில் ₹200 மட்டும் பிரச்சினை இல்லை. விழாவுக்கென ஊழியர்களிடம் ஆளுக்கு ₹1,000 பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போய், சிப்பைத் தொடாதவரும் அதே ₹1,000 கொடுத்திருந்தால் கவலையில்லை. ‘கேசினோ கூடத்துக்குத் தனியாக ₹300’ என்று பிரித்த நிமிடமே அது ஆட்டத்துக்கான விலை. சிப் தீர்ந்தவருக்கு என்ன செய்வது? இலவசமாகவே மறுபடி கொடுங்கள். தலைக்கு 5,000 புள்ளி. தீர்ந்தால் ஒரு பாட்டுப் பாடினால் இன்னும் 2,000. கூட்டமும் கலகலப்பாக இருக்கும். ஆதரவற்றோர் இல்லத்துக்கு நிதி திரட்ட வேண்டுமானால் நுழைவாயிலில் உண்டியல் வையுங்கள். போட்டவருக்கும் போடாதவருக்கும் சிப் ஒன்றேதான். (குடியிருப்புச் சங்கங்களில் ₹50-க்குச் சீட்டு விற்று ரொக்கப் பரிசு கொடுக்கும் தம்போலாவையும் (எண் கூப்பிட்டு ஆடும் ஆட்டம்) இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். லாட்டரி இந்த மாநிலத்தில் 2003 ஜனவரியிலிருந்து தடை.)

வெளியே போகும் வழி பரிசு. சிப் இலவசம் என்றால் அதிகம் வைத்திருப்பவருக்குப் பரிசு கொடுப்பதில் சூது இல்லை என்று தாராளமாக வாதாடலாம். ஆனாலும் ஐபோன் எனக்கு உறுத்துகிறது. பரிசின் விலை ஏற ஏற, ‘இந்தச் சிப்புக்கே மதிப்பு இருக்கிறதே’ என்று எதிர்த்தரப்பு சொல்வது எளிதாகும். வரியும் இருக்கிறது. சீட்டாட்டம் உட்பட எந்த ஆட்டத்தில் வென்ற பரிசும் ₹10,000-ஐத் தாண்டினால் 30 சதவீத வரி பிடித்தம் உண்டு. பொருளாகக் கொடுத்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்டுதான் பரிசைக் கையில் கொடுக்க வேண்டும். ₹80,000 போன் என்றால் ₹24,000. வென்றவர் மேடையில் நின்று அந்தத் தொகையைத் தேடுவாரா? ஒரு போனுக்குப் பதில் ₹10,000-க்குள் எட்டுப் பரிசு வையுங்கள். செலவு முழுக்க நிறுவனத்தின் கணக்கிலிருந்தே போகட்டும். ஊழியர்களிடம் திரட்டிய பொதுப் பணத்தில் பரிசு வாங்குவது, மேசையில் பணம் வைத்து ஆடுவதற்குச் சமம்.

இனி, பணமே புழங்காவிட்டாலும் வரும் சிக்கல். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1930 சட்டப்படி, சீட்டு, தாயக்கட்டை, மேசை போன்ற சூதாட்டக் கருவிகளை யாரோ ஒருவருடைய லாபத்துக்காக வைத்திருக்கும் இடமே பொதுச் சூதாட்ட இடம். அறையோ கூடாரமோ வண்டியோ, எதுவும் விலக்கில்லை. கருவியைப் பயன்படுத்தக் கட்டணம், இடத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இரண்டுமே லாபத்தில் சேரும். முறைப்படி சோதனை போட்டு மேசையும் சீட்டும் கிடைத்தால், ஆட்டம் நடந்ததை யாரும் பார்க்காவிட்டாலும் அந்தப் பொருள்களே சாட்சி என்கிறது 6ஆம் பிரிவு. சூது இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். அதனால் மேசை வாடகையை ‘ஆளுக்கு இவ்வளவு’ என்றோ ‘மணிக்கு இவ்வளவு’ என்றோ பேசாதீர்கள்; நிகழ்ச்சிக்கு மொத்தமாக ஒரு தொகை, அதுவும் நிறுவனம் கட்டுவது. ரிசார்ட்டுக்கும் அப்படியே, கூடத்துக்கு ஒரே வாடகை. ஆட்டத்தில் எவ்வளவு பேர் உட்கார்ந்தாலும் யாருக்கும் ஒரு காசு ஏறாது, குறையாது என்பது பில்லிலேயே தெரிய வேண்டும்.

போலீஸ் அனுமதி பற்றி. கோவாவில் சட்டம் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கும் ஆற்றுக் கப்பல்களுக்கும் உரிமம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கேசினோவுக்கு உரிமம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ‘பர்மிஷன் வாங்கிடலாம் சார், நம்ம ஆள் இருக்காரு’ என்று யாராவது சொன்னால், இல்லாத ஒன்றை விற்கிறார் என்று அர்த்தம். அனுமதி கேட்டு எழுதாதீர்கள். தகவல் தெரிவித்து எழுதுங்கள். ஏற்காடு காவல் நிலையத்துக்கு நிறுவனத்தின் தலைப்புத் தாளில், விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், ஒப்புகை வாங்கி: ‘எங்கள் ஊழியர்களுக்கு மட்டுமான தனியார் நிகழ்ச்சி. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆட்டச் சில்லுகள் இலவசம், பணமாக மாற்ற முடியாதவை. பணம் வைத்து எந்த ஆட்டமும் இல்லை. பரிசுகள் நிறுவனச் செலவு.’ இந்த ஐந்து வரியையே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கூடத்தின் வாசலில் வையுங்கள். மதுவுக்கு வேண்டிய உரிமம் தனி விஷயம். அது இல்லாமல் பரிமாறினால் வழக்கு அங்கிருந்து தொடங்கி, உங்கள் மேசை வரை வந்துவிடும்.

பொய்ப் பணம் என்றீர்களே, அதில் ஒரு சின்னப் பொறி. ரூபாய் நோட்டைப் போலவே அச்சடித்தால், யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 182ஆம் பிரிவு குறுக்கே வரும். அபராதம் ₹300 வரைதான், ஆனால் மற்ற சந்தேகங்களுக்கு அது தீனி. காந்தி படமும் ₹ குறியும் வேண்டாம். நிறுவனச் சின்னம் போட்ட தாள், ‘புள்ளி’ என்ற சொல், வேறு நிறம், வேறு அளவு. சிப்பிலும் வெறும் எண் போதும்.

அன்றிரவு கூடத்தில் ஒருவர் இதற்கென்றே நடமாட வேண்டும். திட்டம் சரியாக இருந்தும் விழாக்கள் கெடுவது இங்கேதான். சீட்டுப் போடும் பெண்ணுக்கு டிப்ஸ் என்று ஒருவர் ₹500 நோட்டைப் பச்சைத் துணிமேல் வைப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். படத்தில் தெரிவது சிப்பும் சீட்டும் நிஜ நோட்டும். விளக்கம் படத்தில் வராது. ‘டிப்ஸ் வேண்டாம்’ என்று மேசையிலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு நண்பர்கள் ‘சிவப்பு வந்தா நீ ஆயிரம் ஜிபே பண்ணு’ என்று தங்களுக்குள் கட்டினால் அது நிஜப் பந்தயம். ஆட்டத்தை நிறுத்திக் கலைத்துவிடும் அதிகாரம் மேசையில் இருப்பவருக்கு இருக்கட்டும். மேசை வாடகைக்கு விட்டவர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு வைக்கும் கியூஆர் அட்டையைக்கூட மேசையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது பணம் கட்டும் அட்டை.

வர முடியாத ஊழியர்களுக்காக அதே ஆட்டத்தைச் செயலியில் வைக்கலாமா என்று நிறுவனம் அடுத்துக் கேட்கும். பணமில்லாத பொழுதுபோக்குச் செயலி என்றால் பரவாயில்லை. பணம் கட்டி ஆடும் எதன் பக்கமும் போகாதீர்கள். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுபவருக்கு 3 மாதச் சிறை அல்லது ₹5,000 வரை அபராதம், நடத்துபவருக்கு 3 ஆண்டு அல்லது ₹10 லட்சம் வரை, அல்லது இரண்டுமே. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடினால் அது திறமை ஆட்டமா என்று பார்ப்பதே இல்லை.

கடைசியாக வண்டி. மேசைகள் பெங்களூருவிலிருந்து வருவதானால், சரக்கின் மதிப்பு ₹50,000-ஐத் தாண்டும்போது இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ₹1 லட்சத்துக்கு மேல். கூடவே போகும் டெலிவரி சலானில் ‘கேசினோ உபகரணம்’ என்று எழுத விடாதீர்கள். ‘நிகழ்ச்சி அலங்கார மேசைகள், வாடகைக்கு, திரும்ப வர வேண்டியவை’ என்று எழுதி, விழா தேதி, நிறுவனத்தின் பெயர், காவல் நிலையம் ஒப்புகை கொடுத்த கடிதத்தின் நகல் ஆகியவற்றை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புங்கள். மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் ராத்திரி பத்து மணிக்கு ரவுலட் சக்கரத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.