ஸ்டாண்டில் சத்தமில்லை, ஏறி உட்கார்ந்தால் செயின் உரசுகிறது: ஏன்?

ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள) சைக்கிளில் இது வழக்கமாக வரும் குழப்பம்தான். ஸ்டாண்டில் மாட்டினால் பின் ஷாக் (அதிர்வு தாங்கி) முழுசாக நீண்டிருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது 25-30% அமுங்கும்; பின்சட்டம் மேலே திரும்பும், செயினுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். அதனால் ஸ்டாண்டில் தேடிப் பயனில்லை.

ஷாக்கின் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு காற்றை இறக்குங்கள். அப்புறம் பின்சக்கரத்தை ஓட்டும்போது அமுங்கும் அளவுக்குத் தூக்கி, சீட்டோடு ஒரு பட்டையால் கட்டி, கையால் பெடலைச் சுற்றுங்கள். செயின்ஸ்டேயிலும் (செயினை ஒட்டிப் பின்சக்கரம் வரை போகும் சட்டக்குழாய்) செயின் கைடிலும் (முன்பல்சக்கரத்தில் செயின் கழலாமல் பிடிக்கும் பாகம்) மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சுற்று ஓட்டிவந்தாலும் போதும். கறுப்புக் கோடு விழுந்த இடம்தான் குற்றவாளி.

பின்னால் உள்ள சின்னப் பல்சக்கரத்தில் மட்டும் சத்தமா? அங்கேதான் செயினின் மேல்பக்கம் செயின்ஸ்டேக்கு மிக அருகில் ஓடும், செயின்ஸ்டேயின் ரப்பர் உறையைப் பாருங்கள். பெரியதில் மட்டும் என்றால் பெரும்பாலும் கைடு வெளிப்பக்கம் தள்ளியிருக்கும். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'சரக்' என்றால் முன்பல்சக்கரம் வளைந்திருக்கலாம்.

நின்று அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வந்தால், பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பிவட் பேரிங் (பின்சட்டம் திரும்பும் மூட்டு) இரண்டையும் சோதியுங்கள். டீரெய்லரை (கியர் மாற்றும் பாகம்) மட்டும் திருகிக்கொண்டிருப்பது வீண்வேலை.