எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் கோவை, ஈரோடு பக்கமே வேலை கிடைக்குமா?

கேட்டிருக்கும் தங்கச்சிக்கு ஊர் கோபி பக்கம். பி.காம். முடித்துவிட்டு, மக்களோடு பழகுகிற வேலைக்குப் போக ஆசைப்படுகிறார். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) சேரலாமா, நம் பக்கமே வேலை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு வரும், "ஊர் ஊராச் சுத்தற பொழப்பு நமக்கெதுக்கு" என்கிற அப்பா அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. நான் கோவையில் இதே படிப்பை முடித்துவிட்டு, இப்போது திருப்பூர் வட்டாரத்தில் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகச் சேரலாம். எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம், பி.காம். ஒரு தடையே இல்லை. இரண்டு வருடப் படிப்பு. கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, வேறு சில கல்லூரிகளிலும் உண்டு. சென்னை வரை அனுப்புவார்கள் என்றால் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதாக இருந்தால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியாகவும் படிக்கலாம்; அதிலும் களப்பணி உண்டு.

ஆனால் கல்லூரிப் பெயரைவிட முக்கியமானது அந்தக் களப்பணி. எம்.எஸ்.டபிள்யூ. என்றாலே அதுதான். வகுப்பில் சொல்லித்தருவது அதற்குத் துணை. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள்: ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழந்தைகள் இல்லம், போதை மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனம், மில் என்று எதுவாகவும் இருக்கலாம். போய் வந்ததை ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். இதை ஐ.சி. (இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) என்போம். "அந்தம்மா அழுதார்கள் என்று எழுதியிருக்கிறாய், அப்போது நீ என்ன செய்தாய்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் கற்றுக்கொள்வது ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம். ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போடும் இடத்தில் சேர்ந்தால் பட்டம் கிடைக்கும், தொழில் கிடைக்காது.

களப்பணிக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஒரு உதாரணம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996-ல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகத்தான் தொடங்கியது. பிறகு நாடு முழுக்கப் பரவியது, 2023-ல் அரசே நேரடியாக நடத்த எடுத்துக்கொண்டது. அந்த எண்ணில் வரும் அழைப்புகளோடுதான் எனக்கு இன்றைக்கும் வேலை.

களத்தில் என்னதான் கற்றுக்கொள்கிறோம்? திருப்பூர் லைன் வீடுகளையே (ஒரே வளவுக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள்) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடப் பிள்ளைகள் காலை பதினோரு மணிக்கு நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்பார்கள். முக்கால்வாசிக் கதவு பூட்டியிருக்கும். பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்ப ராத்திரியாகிவிடும். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வளவே உயிரோடு இருக்கும்: உப்புத்தண்ணிக் குழாயடியில் துணி, உள்ளே கறிக்குழம்பு, வாசலில் பிள்ளைகள். உண்மையான பேச்சு அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் நம் நேரத்தை அவர்கள் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் முதல் பாடம்.

அடுத்தது, கேட்கிற விதம். "பையன் ஸ்கூலுக்குப் போறானுங்களா?" என்று கேட்டால், "போறானுங்க" என்று பதில் வந்துவிடும். விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியும். அதையே, "காலைல நீங்க கம்பெனிக்குக் கிளம்பிட்டா பிள்ளைங்களுக்கு யாருங்க சோறு போடறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரிய பெண் எட்டாவதோடு நின்று தம்பியைப் பார்த்துக்கொள்வது, பையன் லீவு நாளில் மட்டும் என்று சொல்லி பனியன் கம்பெனியில் கைமடி (தையல்காரருக்கு உதவுகிற) வேலைக்குப் போனவன் பிறகு பள்ளிக்கூடமே போகாதது, வாரக் கடன்காரர் வருகிற கிழமை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். பதினாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக, முதலில் அந்த வீட்டின் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும். உங்கள் பி.காம். அங்கே நன்றாகவே உதவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம் பக்கத்தில் இதைப் பேசாமல் இந்தப் படிப்பைப் பற்றிப் பேச முடியாது. கிராமத்துக்குள் களப்பணிக்குப் போனால், "எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால் எந்தக் கூட்டம், என்ன சாதி என்பதை நோக்கித்தான் அந்தக் கேள்வி போகும். பதிலைப் பொறுத்து நாற்காலி வரும், அல்லது வராது. ஊருக்குள் ஒரு வீட்டில் காப்பி குடித்துவிட்டு, பிறகு காலனிக்குப் போய், "இப்பத்தாங்க குடிச்சோம்" என்று தண்ணீரைக்கூட வேண்டாம் என்கிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எதுவும் சொல்ல மாட்டார்கள். கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள், பாய் போட்டால் பாயில் உட்காருங்கள். நீங்கள் எந்த வீட்டிலிருந்து வந்திருந்தாலும், படிப்பின் கடினமான பகுதி இதுதான். இதில் தயக்கம் இருந்தால் இப்போதே உங்களோடு நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தயக்கத்தை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வருவது மக்களுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

நல்ல மனசு மட்டும் போதாது, சட்டம் படிக்க வேண்டும். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கிற மலையாளி இன மக்களைப் பாருங்கள். சேலம் மாவட்டத்தில் இதே மக்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் உண்டு, ஈரோடு மாவட்டத்தில் கிடையாது. பழங்குடிப் பட்டியலில் இந்த இனத்தின் பெயரை மாவட்டங்களைக் குறிப்பிட்டுத்தான் சேர்த்தார்கள். ஈரோடு அப்போது கோவை மாவட்டத்துக்குள் இருந்தது, அந்த மாவட்டத்தின் பெயர் அதில் இல்லை. அதனால் மலையில் ஒரு பெண் பிள்ளை ப்ளஸ் டூவோடு நின்றுவிட்டால் அதற்குக் காரணம் அக்கறையில்லாத பெற்றோர் என்று எழுதிவிட்டு வர முடியாது. அவள் கையில் எந்தக் காகிதம் இல்லை, ஏன் இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வனஉரிமைச் சட்டம் 2006, சிறார் நீதிச் சட்டம் 2015, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 எல்லாவற்றையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

போக்சோ சட்டத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை உங்களிடம் வந்து, "அக்கா, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என்று ஆரம்பிக்கும். "சொல்லமாட்டேன் கண்ணு, சொல்லு" என்றுதான் வாயில் வரும். அதைச் சொல்லக்கூடாது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012 சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. அது நம் எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே, "உன்னைப் பத்திரமாப் பாத்துக்கறதுக்கு யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை வாக்குக் கொடுத்து மீறினால் அந்தக் குழந்தை அதற்குப் பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லப் பழகுவதற்கே நல்ல பயிற்சி வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். நம் பக்கத்தில் எம்.எஸ்.டபிள்யூ. முடிப்பவர்களில் நிறையப் பேர் போவது எச்.ஆர். பக்கம். 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் இருக்கும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே வைத்தது. அதோடு, திருப்பூரில் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆடிட்டுக்கு வருவதால் காம்ப்ளையன்ஸ் (தொழிலாளர் விதிகள் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற) வேலைக்கும் ஆள் தேவை. இதைச் சிலர், "அது சமூகப்பணியே இல்லை" என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் வெளியூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் காசு சேரும் என்று சொல்லி மூன்று வருட ஒப்பந்தத்தில் பிள்ளைகளை அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் நடந்த மண் இது. அந்த ஹாஸ்டலுக்குள் தினமும் போய்வர முடிகிற ஆள் நல அலுவலர்தான். அவர் மனசாட்சியுள்ளவராக இருந்தால், வெளியிலிருந்து நாங்கள் பல மாதம் போராடிச் செய்வதை அவர் ஒரே நாளில் செய்துவிடுவார். வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொந்தரவுகளை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை 2013 சட்டப்படி ஒழுங்காக நடத்தினாலே எத்தனையோ பிள்ளைகள் தப்பிப்பார்கள்.

அரசுப் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 181 என்ற பெண்கள் உதவி எண்ணின் அழைப்புகள் வந்துசேரும் ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் இல்லங்கள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் சமூகப்பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சிலிங் தருபவர்) மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய் என்று மாவட்ட இணையதளங்களில் விளம்பரம் வரும். வேலையின் சுமைக்கு இது குறைவு. நேரடியாகவே சொல்கிறேன், இதை மாற்றச் சொல்லி எல்லோரும் கேட்க வேண்டும். தொண்டு நிறுவனங்களில் ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் சில வருடங்கள் கைக்கும் வாய்க்கும்தான்.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைய இருப்பதால் மருத்துவ சமூகப்பணிக்கும் இடம் உண்டு: காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பது, டயாலிசிஸ் குடும்பங்களோடு பேசுவது, மூளைச்சாவு அடைந்தவர் வீட்டாரிடம் உறுப்புதானம் பற்றிப் பேசுவது என்று. மனநலப் பக்கம் போக நினைத்தால் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உளநல சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ள அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் அதற்குப் பேர்போன இடம்.

அப்பா அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவர்கள் பயத்தில் பாதி நியாயமானது. ராத்திரி அழைப்பு வரும், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும். குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போன இடத்தில் சொந்தக்காரர்களே முறைப்பார்கள். இதை மறைக்காமல் சொல்லுங்கள். தனியாகப் போவதில்லை, வழக்கு என்றால் குழுவாகத்தான் போவோம், மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பதுபோல் எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் சேரும் முன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போய் ஒரு ஆசிரியையிடம் பேசவையுங்கள். போனவுடன் மூன்று விஷயம் கேளுங்கள்: போன பேட்ச் பிள்ளைகள் எங்கெங்கே களப்பணி செய்தார்கள், ஐ.சி. வாரம் தவறாமல் நடக்கிறதா, கிராம முகாம் எத்தனை நாள், எங்கே தங்கவைப்பார்கள். ஃபீஸ் கட்டும் முன் இரண்டாம் வருட மாணவர் யாரிடமாவது தனியாகவும் விசாரித்துவிடுங்கள்.

சேர்க்கைக்கு முன் கிடைக்கிற நாட்களில் இரண்டு காரியம் செய்துகொள்ளுங்கள். டூவீலர் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், கடம்பூர் மாதிரி மலை ஊர்களுக்குப் பஸ்ஸை நம்பி வேலை செய்ய முடியாது. அப்புறம், பேச்சு இந்தி பழகுங்கள். இப்போது லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் ஏராளம், அந்தக் குழந்தைகளிடம் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் பேச எங்களிடம் ஆள் போதவில்லை.